மோட்டார் இழுக்காத தண்ணீர்: அறிவியலில் ‘முடியாது’ என்ன வேலை செய்கிறது?

திருமங்கலத்துக்கு மேற்கே எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு கிணறு இருந்தது. 60 அடி ஆழம். நான் பள்ளியில் படித்த ஒரு கோடையில் தண்ணீர் மட்டம் இறங்கிக்கொண்டே போக, மேலே மோட்டார் ரூமில் இருந்த 5 எச்.பி. மோட்டார் ஒருநாள் வெறுமனே ஓடியது. சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை. ஃபுட் வால்வைக் கழற்றிப் பார்த்தார்கள். வாஷர் மாற்றினார்கள். எங்கேயோ காற்று வாங்குகிறது என்று குழாய் இணைப்புகளில் எல்லாம் சணலைச் சுற்றி பெயிண்ட் அடித்தார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் பெரியப்பா கடன் வாங்கி ஏழரை எச்.பி. மோட்டார் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதுவும் இழுக்கவில்லை.

அப்புறம்தான் பக்கத்து ஊரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். மோட்டாரைத் தொடவே இல்லை. கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு, நனைந்த இடம் வரை முழம் போட்டு அளந்தார். “அண்ணே, ஏழரை இல்ல, நூறு குதிரையைக் கட்டினாலும் இருபத்தஞ்சு அடிக்கு மேல இழுக்காது. மோட்டாரைக் கிணத்துக்குள்ள இறக்குங்க. அம்புட்டுத்தேன்” என்றார்.

பெரியப்பாவுக்கு மனம் ஆறவில்லை. “கமலை இறைச்ச காலத்துல ரெண்டு மாடு அம்பது அடியில இருந்து கூனை கூனையா இழுத்துச்சேப்பா. ஏழரைக் குதிரைக்கு முடியாதா?”

மெக்கானிக்கிடம் இதற்குப் பதில் இல்லை. மோட்டார் மட்டும் இறங்கியது. கிணற்றின் குறுக்கே இரண்டு இரும்புக் கர்டர்களைப் போட்டு, அதன்மேல் பழைய 5 எச்.பி.யையே வைத்து மாட்டினார்கள். அன்று சாயங்காலம் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. ஆனால் பெரியப்பா கேட்ட கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அறிவியலில் ‘முடியும்’, ‘முடியாது’ என்ற இரண்டு சொற்களும் என்ன வேலை செய்கின்றன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கேள்விதான்.

கமலையில் மாடு முன்னே நடக்கிறது, வடக்கயிறு இழுபடுகிறது, கூனை மேலே வருகிறது. கயிறு தாங்கும் வரை, மாடு தாங்கும் வரை, எத்தனை அடியானாலும் வரும். ஆனால் மேலே உட்கார்ந்திருக்கும் மோட்டார் தண்ணீரை இழுப்பதே இல்லை. குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரின்மேல் உட்கார்ந்திருக்கும் வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் அழுத்தி ஏற்றுகிறது. காற்றுக்கும் எடை உண்டு: ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேலும் சுமார் 1 கிலோ. அந்த எடையால் தாங்க முடிந்த நீர்த்தூண் சுமார் 10.3 மீட்டர், அதாவது ஏறத்தாழ 34 அடி. குழாயின் உராய்வு, வால்வின் எதிர்ப்பு, சின்னச் சின்னக் கசிவு, அழுத்தம் குறைந்தால் தண்ணீரே ஆவியாகத் தொடங்குவது எல்லாம் போக, கையில் நிற்பது மெக்கானிக் சொன்ன 25 அடி.

இந்த விளக்கம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அந்த மோட்டாருக்குள் அன்றைக்கு என்ன நடந்தது என்று இது சொல்லவே இல்லை. எந்தக் கம்பெனி மோட்டார், எத்தனை எச்.பி., எந்த வாஷர் என்பதெல்லாம் இதற்குத் தேவையில்லை. எதை மாற்றினாலும் பலன் இராது, எதை மாற்றினால் பலன் உண்டு என்று பிரித்துக் காட்டுகிறது. குதிரைத் திறனைக் கூட்டுவது முதல் வகை, மோட்டாரை இறக்குவது இரண்டாம் வகை. நடந்ததை மட்டும் பட்டியல் போட்டால் அது செய்தி. நடந்திருக்கக்கூடியது, எப்படியும் நடந்திருக்க முடியாதது ஆகியவற்றோடு சேர்த்து வைத்துக் காட்டும்போதுதான் அது விளக்கமாகிறது. பெரியப்பாவின் கடன் வீணானது ஏன் என்று புரிவதும் அப்போதுதான்.

இதே பம்பு ஐரோப்பாவில் கிளப்பிய குழப்பம் பெரிய கதை. ‘வெற்றிடம் என்பது இருக்கவே முடியாது, இயற்கை அதை அனுமதிக்காது’ என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த கருத்து. குழாயில் காற்றை எடுத்தால் தண்ணீர் ஏறுகிறதா? வெற்றிடம் வந்துவிடக்கூடாது என்றுதான் ஏறுகிறது என்றார்கள். ஒரு ‘முடியாது’வை வைத்தே விளக்கிவிட்டார்கள். ஆனால் உறிஞ்சும் பம்பு ஓர் உயரத்துக்குமேல் தண்ணீரை ஏற்றுவதில்லை என்பது வேலையாட்களுக்குத் தெரிந்திருந்தது. கலிலியோ 1638-ல் வெளிவந்த தன் நூலில் இதைக் குறிப்பிட்டு, கயிறு தன் எடையாலேயே அறுவதுபோல் நீர்த்தூணும் அறுந்துவிடுகிறது என்று நினைத்தார். இயற்கைக்கு வெற்றிடம் ஆகாது என்றால் 34 அடிவரை மட்டும் ஆகாமல் போவானேன்? அதற்குமேல் ஏன் ஒத்துக்கொள்கிறது? 1644-ல் இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி தன் கடிதம் ஒன்றில் எழுதிய பதில்: நாம் ஒரு காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம். தண்ணீரைப் போல 13.6 மடங்கு அடர்த்தியான பாதரசத்தை வைத்துப் பார்த்தால் தூண் 76 சென்டிமீட்டரில் நின்றது. 76-ஐ 13.6-ஆல் பெருக்கினால் நம் 10.3 மீட்டர் வந்துவிடும். குழாயின் மேல்முனையில் மிஞ்சியது வெற்றிடமேதான். இருக்கவே முடியாது என்றார்களே, அது.

ஆக, ஒரு ‘முடியாது’ விழுந்தது, இன்னொரு ‘முடியாது’ எழுந்து நின்றது. நின்றது ஏன் நின்றது? வேறு இடத்தில் போய்ச் சோதிக்க அது வழி வைத்திருந்தது. காற்றின் எடைதான் காரணம் என்றால், மலைமேல் காற்று குறைவு, தூணும் குறைய வேண்டும். 1648 செப்டம்பரில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் மைத்துனர் பெரியே பாதரசக் குழாயோடு பிரான்சில் பியூய் டி டோம் மலையில் ஏறிப் பார்த்தார். குறைந்தது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், கொடைக்கானல் போதும். சுமார் 7,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேக வைப்பது பெரும்பாடு. இங்கே கணக்குப்படி 34 அடி என்றால் அங்கே அதுவே 26 அடிதான். எந்தக் குறையும் இல்லாத மோட்டாருக்கே அவ்வளவுதான்.

ஆனால் எல்லா ‘முடியாது’வும் இப்படி உறுதியாக நிற்பதில்லை. மதுரைக்காரர்கள் இன்றைக்குச் சாப்பிடும் சோற்றில் பாதி, விழுந்துபோன ஒரு ‘முடியாது’விலிருந்து வந்தது. பெரியாறு மேற்கே அரபிக் கடலுக்குப் போகிற ஆறு, வைகை கிழக்கே வருகிற ஆறு, நடுவில் மலை. மேற்கே போகும் தண்ணீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று 1789-லேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார். 1808-ல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஆராய்ந்து, இது வீண் கற்பனை, மேற்கொண்டு யோசிக்கவே தகுதியற்றது என்ற கருத்தில் அறிக்கை கொடுத்தார். (ஒப்பிலக்கணம் எழுதிய பிஷப் கால்டுவெல் வேறு, இவர் வேறு.) 1887-ல் பென்னிகுயிக் வேலையைத் தொடங்கி 1895-ல் முடித்தார். தண்ணீர் கிழக்கே வந்தது.

இயற்கை விதி எதுவும் மீறப்பட்டதா? இல்லவே இல்லை. தண்ணீர் மலை ஏறவில்லை. அணையைக் கட்டியதால் ஆற்றின் மட்டம் உயர்ந்தது. உயர்ந்த மட்டத்துக்குக் கீழே, மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் மேல் நீளமான சுரங்கம். அந்த வாயிலிருந்து இந்த வாய்வரை தண்ணீர் பள்ளம் பார்த்துத்தான் ஓடுகிறது. 1808-க்கும் 1895-க்கும் நடுவில் மாறியது மனிதர் கையிலிருந்த கருவியும் கணக்கும் பணமும். டைனமைட்டுக்கு நோபல் காப்புரிமை வாங்கியதே 1867-ல்தான். கால்டுவெல் சொன்ன ‘முடியாது’ அவர் காலத்துக் கைகளுடைய ‘முடியாது’. அதை மலையின் ‘முடியாது’ என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு.

அதே அணையில் இன்னொரு ‘முடியாது’ இன்றும் இருக்கிறது. தேனி, மதுரைப் பக்கம் காலையில் பேப்பரை விரித்ததும் பெரியாறு நீர்மட்டத்தைப் பார்ப்பவர்கள் ஏராளம். 142 அடி எட்டுமா என்பது ஒரு கவலை. 104 அடிக்குக் கீழே போய்விடக்கூடாதே என்பது இன்னொரு கவலை. 104-க்குக் கீழே அணையில் தண்ணீர் இருக்கும், ஆனால் சுரங்கத்துக்குள் வராது. பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் தானாக ஏறாது என்ற விதி அது. பென்னிகுயிக் அதை வெல்லவில்லை, அதற்கு உட்பட்டே கட்டினார். ஒரே அணையில், மனிதனுடைய ‘முடியாது’ உடைந்து கிடக்கிறது, இயற்கையுடைய ‘முடியாது’ அடிக்கணக்கில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்து அறிவதைவிட அறிவியலுக்குப் பெரிய வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கனடாவைச் சேர்ந்த மெய்யியலாளர் வில்லியம் ட்ரே 1957-ல் விளக்கங்களில் இரண்டு வகையைப் பிரித்துக் காட்டினார். ‘ஏன் அப்படித்தான் ஆக வேண்டியிருந்தது’ என்பது ஒன்று, ‘அது எப்படி நடந்திருக்க முடியும்’ என்பது மற்றொன்று. பம்பு முதல் வகை, பெரியாறு இரண்டாம் வகை. நடக்கவே நடக்காது என்று நாம் நினைத்த ஒன்றுக்கு வழி ஒன்றைக் காட்டிவிட்டாலே பாதி விளக்கம் முடிந்தது. இன்ன காரணத்தால் கட்டாயம் நடந்தது என்று நிறுவுவது அதற்கடுத்த வேலை.

வழியைப் பற்றிப் பேசும்போது கொடைக்கானலை இன்னொரு முறை சொல்ல வேண்டும். 1835-ல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஆகஸ்ட் காம்ட், விண்மீன்கள் எந்தப் பொருளால் ஆனவை என்பதை நாம் ஒருபோதும் அறிய முடியாது என்று எழுதினார். கையில் எடுத்துச் சோதித்தால்தான் பொருள் தெரியும் என்பது அவர் சொல்லாமல் வைத்திருந்த முன்முடிவு. அவர் இறந்து இரண்டே ஆண்டில், 1859-ல், கிர்ச்சாஃபும் பன்சனும் ஒளியைப் பிரித்து அதிலுள்ள கோடுகளை வைத்தே பொருளைச் சொல்லலாம் என்று காட்டிவிட்டார்கள். 1909 ஜனவரியில் கொடைக்கானல் வானாய்வகத்தில் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் ஒளிக்கோடுகள் நகர்ந்திருப்பதைக் கவனித்து, புள்ளியிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். அது என்ன பொருள் என்பது மட்டுமல்ல, எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதே மலைமேல் இருந்தபடி தெரிந்துவிட்டது.

சில ‘முடியாது’ எந்தக் காலத்திலும் உடையாது, எந்தக் கருவி வந்தாலும். அதைப் பார்க்க வாசலுக்குப் போனால் போதும். மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிக்கு நடுவில் ஒவ்வோர் இடத்திலும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் பின்னிப் போகும்படி சிக்குக் கோலம் போடுங்கள். கையை எடுக்காமல் ஒரே இழையில் முடிக்கவே முடியாது. மூன்று தனித்தனி இழை வரும். மூன்றுக்கு நாலு என்று வைத்தால் ஒரே இழையில் முடிந்துவிடும். நாலுக்கு நாலு என்றால் நாலு இழை. நாலுக்கு ஆறு என்றால் இரண்டு. பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்திதான் இழைகளின் எண்ணிக்கை. எங்கள் அத்தைக்கு இந்தச் சொல் தெரியாது, ஆனால் எந்தப் புள்ளிக்கு இழை ‘கூடும்’, எதற்குக் ‘கூடாது’ என்று கை சொல்லிவிடும். நான் மூன்றுக்கு மூன்றில் மல்லுக்கட்டியபோது, “அது கூடாதுடா. ரெண்டு இடத்துல பாத்துப் பின்னாம திருப்பி விடு, கூடிரும்” என்றார். அவர் சொன்ன இரண்டாம் வாக்கியம்தான் முக்கியம். எந்த நிபந்தனை தடுக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் எதைத் தளர்த்த வேண்டும் என்றும் தெரியும்.

இனி, பலரும் மறந்திருக்கும் ஒரு செய்தி. 1996-ல் இராஜபாளையம் பக்கத்திலிருந்து மூலிகை பெட்ரோல் கிளம்பியது. தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் கொதிக்கவைத்துக் கலக்கினால் எரிபொருள் என்றார்கள். மதுரை டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. ‘நம்ம ஊர்க்காரன் கண்டுபிடித்தால் நம்ப மாட்டேன் என்கிறார்களே’ என்ற ஆதங்கம் நிறையப் பேருக்கு இருந்தது. அந்த ஆதங்கத்தை நான் மதிக்கிறேன், அதில் நியாயமான வலி உண்டு. ஆனால் தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் சாம்பல். சாம்பலை மறுபடி விறகாக்க வேண்டும் என்றால், அது எரிந்தபோது வெளிவந்த ஆற்றல் முழுவதையும் திரும்பக் கொடுத்தாக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அது ஏறத்தாழ நாலரை யூனிட் மின்சாரம். போதாததற்கு, பெட்ரோலில் பெரும்பங்கு கார்பன். தண்ணீரில் கார்பனே கிடையாது. ஒரு கைப்பிடி இலை இந்த இரண்டையும் எங்கிருந்து கொண்டுவரும்?

மதுரை, கல் யானை கரும்பு தின்ற கதையைக் கேட்டு வளர்ந்த ஊர். கல் தின்னாது என்று எல்லோருக்கும் தெரிந்ததால்தான் அது திருவிளையாடல். மூலிகை பெட்ரோலை நம்பியவர்கள் அற்புதமாக நம்பவில்லை, அறிவியலாக நம்பினார்கள். அறிவியல் என்றால் கணக்கு காட்டியாக வேண்டும். அப்படிக் கணக்கு பார்ப்பவருக்கு ஒரு வசதி உண்டு. வித்தை எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்கும் முன்பே எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும். பாத்திரத்தில் எரிபொருள் இருந்தால், அது எரிபொருளாகவே வெளியிலிருந்து உள்ளே போயிருக்க வேண்டும். பாரிஸ் அறிவியல் கழகம் 1775-லேயே, தானாக ஓயாமல் ஓடும் எந்திரம் என்று யார் கொண்டுவந்தாலும் இனிப் பரிசீலிப்பதில்லை என்று முடிவு செய்தது. அது கதவைச் சாத்தும் ஆணவமாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அந்தச் சாத்திய கதவிலிருந்துதான் 1824-ல் சாடி கார்னோ, எந்த வெப்ப எந்திரமும் தாண்ட முடியாத திறன் எல்லையைக் கணக்கிட்டார். எந்திரம் இரும்பா பித்தளையா என்று அவர் கேட்கவில்லை. சூடான பக்கம் எவ்வளவு சூடு, குளிர்ந்த பக்கம் எவ்வளவு குளிர்ச்சி, அவ்வளவு போதும் என்றார். மெக்கானிக் மோட்டாரைத் தொடாமல் கிணற்றை அளந்ததும் இதேதான்.

ஆற்றல் கணக்கு ஒருமுறை உண்மையாகவே ஆட்டம் கண்டது. அணுக்கரு ஒன்று எலக்ட்ரானை உமிழும்போது கொஞ்சம் ஆற்றல் காணாமல் போனது. எவ்வளவு போகிறது என்பதும் தடவைக்குத் தடவை மாறியது. நீல்ஸ் போர் போன்ற பெரிய மேதையே, அணுவுக்குள் ஆற்றல் அழியாமை சராசரியாகத்தான் பொருந்துமோ என்று யோசித்தார். வோல்ஃப்காங் பவுலி 1930 டிசம்பரில் வேறு வழி சொன்னார். ஆற்றல் தொலைய முடியாது. ஆகவே கண்ணில் படாத ஏதோ ஒரு துகள் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. கண்டுபிடிக்கவே முடியாத ஒன்றைக் கற்பித்துவிட்டோமே என்று அவரே சங்கடப்பட்டதாகச் சொல்வார்கள். 1956-ல் ரெயின்சும் கோவனும் அணு உலையின் அருகே அந்தத் துகளைப் பிடித்தார்கள். நியூட்ரினோ. ‘ஆற்றல் தொலைய முடியாது’ என்பது நின்றது, ‘இதைப் பார்க்க முடியாது’ என்பது விழுந்தது.

நியூட்ரினோ என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்கு நினைவு வருவது போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம். ஒரு கிலோமீட்டருக்கும் தடித்த பாறையைக் கூரையாக வைத்து, 50,000 டன்னுக்கும் மேல் இரும்பு கொண்ட உணர்கருவி அமைக்க 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. மக்கள் எதிர்த்தார்கள், தமிழ்நாடு அரசும் அனுமதிக்கவில்லை. மலை வெடிக்கப்பட்டால் எங்கள் தண்ணீர் என்னாகும் என்று கேட்டவர்களை அறிவியலுக்கு எதிரிகள் என்று தள்ளிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘ஆபத்து வர முடியாது’ என்பதும் ஒரு ‘முடியாது’தான். அதற்கும் கணக்கு காட்டித்தான் ஆக வேண்டும். அதன் சிறு மாதிரியாக 85 டன் கருவி ஒன்று மதுரையில் அமைக்கப்பட்டது.

பெரியப்பாவின் கிணறு இப்போது வற்றிவிட்டது. பக்கத்திலேயே போர் போட்டு, அதில் சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கியிருக்கிறார்கள். அது தண்ணீருக்கு அடியில் இருந்து தள்ளுகிறது. 34 அடிக் கணக்கு அதைக் கட்டுப்படுத்தாது. 400 அடி, 600 அடி, எத்தனை அடியிலிருந்தும் ஏற்றும். போன கோடையில் போயிருந்தபோது அண்ணன் ஸ்டார்ட்டரைப் போட்டார். முதலில் கொஞ்சம் சேற்றுத் தண்ணீர் வந்தது, அப்புறம் விட்டு விட்டு வந்தது, அப்புறம் வெறும் காற்று. மோட்டாரில் எந்தக் குறையும் இல்லை. மண்ணுக்குள் இறங்கும் மழையைவிடக் கூடுதலாக எத்தனை வருஷம் எடுத்துக்கொண்டே இருக்க முடியும் என்று கேட்டேன். அண்ணன் ஸ்டார்ட்டரை அணைத்துவிட்டு, “அதைத்தாண்டா நானும் கணக்குப் போட்டுக்கிட்டிருக்கேன்” என்றார்.